ஒரே பேனாவில் ஒரு வருடம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நான் நலம் என்று ஆஸ்பத்திரியே எழுத்தில் கொடுத்துவிட்டதால் அதை நான் வேறு தனியாகச் சொல்லப் போவதில்லை. உன் நலமும், அத்தானின் புது முட்டியின் நலமும், அவருடைய பழைய குறட்டையின் நலமும் தெரிந்துகொள்ள ஆசை.

நேற்றோடு வைத்தியம் முடிந்தது. குரல்வளையில் பாதியைப் போன வருடமே வெட்டிவிட்டார்கள். மீதிப் பாதிக்கு முப்பத்தைந்து நாள் கதிர் அடித்தார்கள். இப்போது மிச்சமிருப்பது சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் மைக்கைப் பிடித்து ஊரையே ஏற்றி இறக்கியவன், டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்று சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. போனில் கூப்பிட்டால், "லைன் சரியில்ல, வெச்சிடுறேன்" என்று நீயே வைத்துவிடுகிறாய். மெசேஜ் அனுப்புகிறேன் என்றால், "அதுல கையெழுத்து தெரியாது, பேப்பர்ல எழுது" என்கிறாய். குளிர்பதனக் கிடங்கில் பதிவேடு சரிபார்க்கிற வேலை உன்னை இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டது. தம்பியைக்கூட மையில் பார்த்தால்தான் நம்புவாய்.

கிளம்பும்போது ஒரு நர்ஸ் என்னைத் தனியாக உட்காரவைத்து ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தாள். தலைப்பு, "சிகிச்சைக்குப் பின் கவனிப்புத் திட்டம்." மாதத்துக்கு ஒரு வரி. வரிக்கு ஐந்து கட்டம்: எடை, விழுங்குவது, கழுத்தில் வீக்கம், ஒரு பக்கக் காது வலி, எச்சிலில் ரத்தம். ஆறாவது கட்டம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூக்கு வழியாகக் கேமரா டியூப் விட்டுப் பார்ப்பதற்கு. கடைசியில், எங்கள் தெரு டாக்டர் கையெழுத்துப் போட இடம்.

"தொண்டை என்னுது, காது எதுக்கும்மா?" என்று ஊதிக் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "திரும்ப வந்தா சில பேருக்கு முதல்ல காதுலதாண்ணே வலிக்கும். ஒரே பக்கம் ரெண்டு வாரம் வலிச்சா மறுநாளே இங்க வந்து நில்லுங்க. சீக்கிரம் வந்தா எங்களால ஏதாவது செய்ய முடியும்."

"லேட்டா வந்தா?"

"அதுக்கு இந்த அட்டையில கட்டம் இல்லண்ணே."

இவளுக்கு என்னைவிட நன்றாக அறிவிக்கத் தெரிகிறது. "கூட யாரு இருக்காங்க?" என்றாள். கல்யாணம் என்கிற விபத்திலிருந்து தப்பியவன் என்றும், கீழ்வீட்டில் ஒரு டெய்லர் இருக்கிறார் என்றும் சொன்னேன். அது போதாதாம். ஆகவே "கண்காணிப்பவர்" என்ற இடத்தில் உன்னைப் போட்டிருக்கிறேன். எட்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிற கண்காணிப்பவர்தான் எனக்கும் வசதி.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் சூப்பரிண்டெண்ட் என்னை ஒரு அறையில் அடைத்து, மொத்த கால அட்டவணையையும் இரண்டு நாள் படிக்கவைத்துப் பதிவு செய்துகொண்டார், ஞாபகம் இருக்கிறதா? அது இப்போது ஓடுகிறது. நான் ஸ்பீக்கருக்குக் கீழே நின்று டீ குடிக்கிறேன். மேலே நான், "பேருந்து இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்" என்கிறேன். பேருந்து வருகிறதோ இல்லையோ, நான் சொல்லிவிடுகிறேன். "தாமதம்" என்ற சொல்லை மைக்கில் சொல்லக் கூடாது என்பது சூப்பரிண்டெண்டின் சட்டம். சொன்னால் கூட்டம் கலவரமாகிவிடும்.

எனக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். தொலைந்த பொருள் அறை. குரலைத் தொலைத்தவனுக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன கொடுப்பார்கள்?

அத்தானை முட்டியை மடக்கச் சொல். வாயையும்.

உன் தம்பி

*

பிப்ரவரி 11

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். அத்தான் நீ எழுதியதைப் படித்துவிட்டு, "உன் தம்பிக்குக் குரலை எடுத்தாங்க, வாயை விட்டுட்டாங்களே" என்றார்.

அட்டையைப் பற்றி. ஒவ்வொரு மாதமும் அந்த வரியை அப்படியே பார்த்து எழுதி எனக்கு அனுப்பு. கதை பிறகு.

ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் இங்கே மூன்றாம் அறையில் மீன் முழுவதும் கெட்டுப்போயிற்று. பதிவேட்டில் பார்த்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலை ஒழுங்காக எழுதியிருக்கிறது. காவலாளி காலையில் வந்ததுமே நாள் முழுவதுக்கும் எழுதிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறான். "எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்று முதலாளி கேட்டார். இதில் என்ன இருக்கிறது? நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதுகிறவன் ஒருமுறை நின்று எழுதுவான், ஒருமுறை ஈரக் கையோடு எழுதுவான், ஒருமுறை பேனாவைக் கடன் வாங்குவான். எல்லா வரியும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் அது ஒரே மூச்சில் எழுதியது. மீன் பதிவேட்டைப் படிக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். ரொட்டியை நனைத்துச் சாப்பிடு.

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

மையால் மட்டும் அறியப்படும் உன் தம்பி எழுதுவது. நலம், உங்கள் வீட்டில் முட்டிவரை எல்லாரும் நலமா?

முதலில் வரி, மேடம். மார்ச்: எடை 62. விழுங்குவது சரி. வீக்கம் இல்லை. காது வலி இல்லை. ரத்தம் இல்லை. ஏப்ரல்: எடை 62½, மற்றதெல்லாம் இல்லை, இல்லை, இல்லை. டியூப்: சுத்தம். பெரிய டாக்டரே விட்டுப் பார்த்தார். நர்ஸ் பக்கத்தில் நின்று, "பாருங்கண்ணே, பளிங்கு மாதிரி இருக்கு" என்றாள். என் உடம்பில் ஒரு பாகத்தைப் பார்த்து ஒரு பெண் இப்படிச் சொல்வது இதுதான் முதல் முறை. அதுவும் உள்ளே இருக்கிறது.

இனி ஊர்க்கதை. கீழ்வீட்டு டெய்லருக்கும் மருந்துக் கடை அம்மாவுக்கும் ஏதோ நடக்கிறது. அந்த அம்மாவின் கைப்பைக்கு ஒரே மாதத்தில் மூன்று ஜிப் மாற்றியிருக்கிறார். ஒரு பைக்கு ஒரு ஜிப்தானே, ஐயா, என்றேன். "பெண்பிள்ளைங்க ஜிப்பு சட்டுனு போயிரும்ணே" என்கிறார். அளவு நோட்டில் எல்லாருடைய அளவையும் தேதி போட்டு எழுதுகிற மனுஷன், அந்த அம்மாவின் பக்கத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு பூ வரைந்திருக்கிறார். நானே பார்த்தேன்.

என் தொலைந்த பொருள் அறையில் நிலவரம்: குடை நாற்பத்தொன்று, ஒற்றைச் செருப்பு ஒன்பது, பல்செட் ஒன்று, பேனா ஒரு டப்பா நிறைய. பேனாவைத் தேடி யாரும் வருவதில்லை. பல்செட்டையும். அதைத் தொலைத்தவர் இப்போது எப்படிச் சாப்பிடுகிறார் என்று சில மத்தியானங்களில் யோசிக்கிறேன்.

அத்தானுக்கு என் அன்பு, உரக்கச் சொல்லவும்.

உன் தம்பி

*

ஏப்ரல் 18

தம்பிக்கு,

வரி கிடைத்தது. சந்தோஷம். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன் என்று சொன்னால் கிண்டல் செய்வாய், அதனால் சொல்லவில்லை. அத்தானுக்கு இன்னொரு முட்டியும் மாற்ற வேண்டுமாம். மற்றபடி சுகம். மே மாத வரியை மறக்காதே.

அக்கா

*

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மே மாதம் எழுதாததற்கு முதலில் தோப்புக்கரணம் பத்து. நலம்தான். நீயும் அத்தானும் அந்த இன்னொரு முட்டியும் எப்படி?

எழுதாததற்குக் காரணம் என்று ஒன்றுமில்லை. பேருந்து நிலையத்தில் விடுமுறைக் கூட்டம். ஜனங்கள் குடையைத் தொலைக்க வரிசையில் நின்றார்கள்.

வரி. மே: எடை 62, இல்லை, இல்லை, இல்லை. ஜூன்: எடை 62½, இல்லை, இல்லை, இல்லை. டியூப்: சுத்தம். தெரு டாக்டர் கையெழுத்தும் ஆயிற்று. பாவம், அவர் கிளினிக்கில் திண்டாட்டம்; ஒரு கையால் ஒருவரின் நாடியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் என் அட்டையில் கையெழுத்துப் போட்டார். "எல்லாம் இல்லை இல்லைன்னு போட்டிருக்கு, அப்புறம் என்ன, ஜமாய்ங்க" என்றார். ஜமாய்க்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வேடிக்கை. அந்த டியூப் மெஷினுக்கே தொண்டைக் கோளாறாம், ரிப்பேருக்குப் போயிருக்கிறது. "நாங்களே கூப்பிடுறோம்" என்றார்கள். அதற்கும் கதிர் அடிப்பார்களோ என்னவோ. நர்ஸைப் பார்க்கலாம் என்று எட்டிப் பார்த்தேன், லீவு.

டெய்லர் விவகாரம் முற்றிவிட்டது. மருந்துக் கடை அம்மாவுக்கு நான்காவது ஜிப். இவரும் பதிலுக்கு வாரத்துக்கு ஒரு தலைவலி மாத்திரை வாங்குகிறார். தலைவலியே இல்லாமல் இத்தனை மாத்திரை வாங்கிய முதல் ஆள் இவர்தான். நான் அப்படி இல்லை, உபயோகத்துக்குத்தான் வாங்குகிறேன்.

யாரோ என்னைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், அக்கா. இடது காது குறுகுறுவென்கிறது. நீயா, அத்தானா? யாராக இருந்தாலும் சற்று மூச்சு வாங்கிக்கொள்ளச் சொல்.

உன் தம்பி

*

ஜூன் 20

தம்பிக்கு,

நாங்கள் சுகம். யாரும் உன்னைப் பற்றிப் பேசவில்லை. மூன்று கேள்வி. வரிசையாகப் பதில் எழுது.

ஒன்று. மெஷின் ரிப்பேர் என்கிறாய். அதே கடிதத்தில் ஜூன் டியூப் சுத்தம் என்கிறாய். ரிப்பேரான டியூப் எப்படிச் சுத்தம் என்று சொல்லிற்று?

இரண்டு. மாத்திரை எதற்கு?

மூன்று. இடது காது எத்தனை நாளாக?

அக்கா

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். உன் மூன்று கேள்விக்கு மூன்று நலம். அத்தானின் ஆபரேஷன் முப்பதாம் தேதி என்று தெரிந்தது. அவரைப் பயப்பட வேண்டாம் என்று சொல். பயப்படுவதற்கு என்றே நான் ஒருவன் இருக்கிறேன். அவர் வேறு எதற்கு?

உனக்கு நம்பிக்கை இல்லை என்று தெரிகிறது. ஆகவே அட்டையை ஜெராக்ஸ் எடுத்தே அனுப்புகிறேன். பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை. கீழே காலியாக இருக்கிற இடம் அசிங்கமாக இருக்குமே என்று ஒரு வெள்ளைத்தாளை வைத்து மூடி எடுத்தேன். ஜூன் டியூப் விஷயம், கைத்தவறு. இப்போது மெஷின் சரியாகிவிட்டதா என்று கேட்டுப் போகலாம் என்றிருக்கிறேன். அவர்களே கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடாமல் போய் நிற்பதற்கு நான் என்ன கடன்காரனா? தெரு டாக்டரைக் கேட்டால், "அது பெரிய ஆஸ்பத்திரி பாத்துக்கும்" என்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் ஜன்னலில் இருந்தவர், "உங்க தெரு டாக்டர் சீட்டு எழுதினா பாக்கலாம்" என்கிறார். இரண்டு பேரும் எவ்வளவு மரியாதையாக ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொள்கிறார்கள் தெரியுமா? நடுவில் நான்தான் படிக்கட்டில் நிற்கிறேன்.

டெய்லர் கோபமாக இருக்கிறார். என் பேண்ட்டைப் பிடித்துக் கொடுத்தே அவர் கை ஓய்ந்துவிட்டதாம். பெல்ட்டில் நானே ஆணியால் ஓட்டை போட்டுக்கொள்கிறேன் என்றேன். அதில் அவருக்கு வருத்தம். தொழில்காரர்கள் எல்லாருமே இப்படித்தான்.

மேலே ஸ்பீக்கரில் நான் நன்றாக இருக்கிறேன். ஒரு விக்கல்கூட இல்லை. சில நாள் டீயை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு, அவன் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 16

டெய்லர் தம்பிக்கு,

மாடியில் இருக்கிறவரின் அக்கா எழுதுவது. நாம் பார்த்ததில்லை. உங்கள் கடையும் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும்.

நீங்கள் அளவு நோட்டில் தேதி போட்டு எழுதுகிறவர் என்று அவன் எழுதியிருந்தான். ஒரு பதிவேட்டைச் சந்தேகப்பட்டால் நான் அதை எழுதியவனிடம் கேட்க மாட்டேன். இன்னொரு பதிவேட்டைப் பார்ப்பேன். என் தம்பியின் இடுப்பளவை, பிப்ரவரியிலிருந்து உள்ளபடி எழுதி அனுப்புவீர்களா? தயவுசெய்து.

அக்கா

*

ஆகஸ்ட் 24

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

கீழ்வீட்டு டெய்லர் வணக்கம். கடை ஓடுகிறது. உங்கள் வீட்டு ஐயாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும்.

அண்ணன், "அக்காவுக்கு எதையும் சொல்லாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். அளவைச் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பிப்ரவரி 20: 34 அங்குலம். ஏப்ரல் 2: 34. ஜூன் 9: 32½. ஜூலை 11: 31. ஆகஸ்ட் 14: 29½.

கழுத்துப் பட்டன் போட வரவில்லை என்று இரண்டு சட்டை கொண்டுவந்தார். இடுப்பு குறைகிறவருக்குக் கழுத்து மட்டும் எப்படி இறுகும் என்று எனக்குப் புரியவில்லை. இடது பக்கம்தான் இடிக்கிறது. நாடா வைக்கும்போது என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

இடது காதில் பஞ்சு வைத்திருக்கிறார். கேட்டால் ஸ்பீக்கர் சத்தம் என்கிறார். மாத்திரைக் கடை அம்மாவும் கேட்டார்கள், "உங்க மாடி அண்ணனுக்கு வலி மாத்திரை தினமும் எதுக்கு?" என்று.

பிழை இருந்தால் மன்னிக்கவும்.

டெய்லர்

*

ஆகஸ்ட் 26

டேய்,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று பொறுமை இல்லை.

ஆகஸ்ட் எட்டாம் தேதி எடுத்த ஜெராக்ஸ் என் மேஜை மேல் இருக்கிறது. நீ வைத்த வெள்ளைத்தாள் ஓரத்தில் சரிந்திருக்கிறது. அதற்கு மேலே செப்டம்பர் வரியின் தலை தெரிகிறது. "காது வலி இல்லை" என்பதன் மேல்பாதி. செப்டம்பர் இன்னும் வரவே இல்லையடா.

பன்னிரண்டு மாதத்தையும் முதல் நாளே எழுதிவிட்டாய். பிப்ரவரியில் எந்தச் சாய்வோ அதே சாய்வு ஆகஸ்டிலும். இருபது வருடமாக இதைப் பார்த்துத்தான் நான் சோறு தின்கிறேன். காவலாளிகளைப் பிடித்தேன். உன் வரியை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். கையால் பார்த்தெழுதி அனுப்பு என்று கேட்டதே என் தப்பு. மூலத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

தெரு டாக்டர் உன்னைப் பார்த்துக் கையெழுத்துப் போடவில்லை, உன் "இல்லை"யைப் பார்த்துப் போட்டார். பெரிய ஆஸ்பத்திரி அந்தக் கையெழுத்தைப் பார்த்துச் சும்மா இருந்தது. நீ எழுதிவைத்ததைத்தான் எல்லாரும் நம்பினார்கள். உன் தொண்டையை யாரும் பார்க்கவில்லை.

முப்பதாம் தேதி அத்தானுக்கு ஆபரேஷன் இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் நான் வந்திருப்பேன். டெய்லருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். உன்னைக் கூட்டிப் போவார். கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாவிட்டாலும் சரி. போய் நில்.

அக்கா

*

செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் வரி.

எடை 51. விழுங்குவது: தண்ணீர், பால். நனைத்த ரொட்டி முடியவில்லை. கழுத்தில் வீக்கம்: உண்டு, இடது பக்கம், கோட்டுப் பட்டன் அளவு. டெய்லர்தான் அளவு சொன்னார். காது வலி: உண்டு, இடது, மே மாதம் இருபத்திரண்டாம் தேதியிலிருந்து. எச்சிலில் ரத்தம்: உண்டு. டியூப்: விட்டார்கள். சுத்தம் இல்லை.

நீ போகச் சொன்ன மறுநாளே போகவில்லை. டெய்லர் மூன்று முறை மாடிக்கு வந்தார். இரண்டு முறை கட்டிலுக்கு அடியில் குடை தேடுவது போல இருந்தேன். மூன்றாம் முறை மருந்துக் கடை அம்மாவையும் கூட்டிவந்துவிட்டார். ஒரு பெண்ணுக்கு முன்னால் கட்டிலுக்கு அடியில் போக முடியவில்லை.

அதே நர்ஸ்தான். அட்டையை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "டிசம்பர்ல கூட உங்களுக்கு வலிக்கலியாண்ணே?" என்றாள். எனக்கு அப்போது ஒரு ஜோக்கும் வரவில்லை. பெரிய டாக்டர், "மே மாசம் வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்போம்" என்றார். அவர் இப்போது என்ன மாதிரி பேசினார் என்பதை நான் எழுதவில்லை, நீயும் கேட்காதே.

ஏன் எழுதினேன் என்று கேட்பாய். அட்டை கிடைத்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம், அக்கா. மேஜையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வருடம் முழுவதையும் எழுதினேன். அழகாக இருக்கட்டும் என்று எடையில் அரைக் கிலோ ஏற்றி இறக்கிக்கூட வைத்தேன். அன்றைக்கு அது பொய் இல்லை. அறிவிப்பு. வரும் என்று சொல்லிவிட்டால் வந்துவிடும் என்று இருபத்தாறு வருடம் பழகின வாய். மே மாதம் வலி வந்தபோது அட்டையைப் பார்த்தேன். "இல்லை" என்று மையில் எழுதியிருந்தது. நான் அதை நம்பினேன். உனக்காவது வெள்ளைத்தாள் சரிந்தது.

திங்கட்கிழமை, இருபத்தைந்தாம் தேதி, காலை ஒன்பது மணிக்கு மீதிக் குரல்வளையையும் கழுத்தில் இருப்பதையும் எடுக்கிறார்கள். டயர் சத்தமும் போய்விடும். எடுத்தால் போதுமா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். எனக்கு அந்தக் குரல் தெரியும். "இன்னும் சற்று நேரத்தில்" என்று நான் சொல்கிற குரல் அது.

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வைத்துக்கொள். அத்தானை நடக்கச் சொல்.

உன் தம்பி

*

செப்டம்பர் 25, பேருந்து நிலையம்

தம்பிக்கு,

நீ கண் விழித்ததும் படிக்க எழுதுகிறேன். அத்தான் கோலை ஊன்றி வாசல்வரை நடந்து வந்து என்னை அனுப்பிவைத்தார். "அவன் வாயை மட்டும் விட்டுவெக்கச் சொல்லு" என்றார். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலை எட்டு மணிக்கு வர வேண்டிய பேருந்து மத்தியானம் ஒன்றரைக்கு வந்தது. வழியில் டயர் வெடித்து, மாற்று டயர் வந்து சேர ஐந்து மணி நேரம். இறங்கினேன். நீ மேலேயிருந்து, "பேருந்து வந்து சேர்ந்துவிட்டது, பயணிகள் கவனத்துடன் இறங்கவும்" என்றாய். எவ்வளவு அழகாகச் சொல்கிறாய். இதுவரை நான் கேட்டதே இல்லையடா. இருபத்தாறு வருடத்தில் ஒருமுறையாவது வந்து, ஐந்து நிமிடம் இங்கே உட்கார்ந்திருக்கலாம்.

உன் தொலைந்த பொருள் அறையில் இருந்தவரிடம் நான் யார் என்று சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் பேனா டப்பாவைக் கேட்டேன். அதிலிருந்து மாதத்துக்கு ஒரு நிறமாக நான்கு பேனா எடுத்து, அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி வரிகளை ஒவ்வொன்றாக அடித்திருக்கிறேன். ஒன்று ஒழுகுகிறது. அடுத்த வருடத்து அட்டையில் அந்தந்த மாதம் அந்தந்த நாளில் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவேன். இன்றைய தேதிக்கு ஒன்றும் எழுதவில்லை. எனக்கு இன்னும் எதுவும் தெரியாது.

ஒரு மணிக்குள் முடிந்துவிடும் என்றார்களாம். இப்போது மூன்றேகால். டெய்லர் ஆபரேஷன் அறை வாசலில் இருக்கிறார். சற்று முன் போன் செய்தார். "கேட்டேன்க்கா. இன்னும் கொஞ்ச நேரத்துலன்னுதான் சொல்றாங்க. நர்ஸம்மா ரெண்டு தடவை வெளிய வந்தாங்க, என்னைப் பாக்காம போறாங்க. நீங்க ஆட்டோ பிடிச்சு வந்துருங்கக்கா."

ஆட்டோ எதிரிலேயே நிற்கிறது. அதன் டிரைவர் இரண்டு முறை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார். எட்டு மணி நேரப் பயணத்தைப் பதின்மூன்றரை மணி நேரமாக வந்தவளுக்கு இந்தப் பத்து நிமிடப் பாதை போக முடியவில்லை. இங்கே இந்தப் பெஞ்சில் இருக்கும்வரை உன் குரல் கேட்கிறது.

போகத்தான் வேண்டும். இன்னும் ஒரே ஒரு முறை சொல்லு, எழுந்திருக்கிறேன்.

அக்கா